சாம்பிளாய் நின்றுபோன துப்பாக்கிகள்

நம் சங்க மலருக்குச் சமணக் குகைத்தளங்கள், பழைய முகத்தல் அளவைகள் என்று எழுதிக்கொண்டிருந்தவன் இந்த ஆண்டு துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுவினர் சிரித்துவிட்டார்கள். "நைனாரே, விளக்குல பூச்சி விழும்னு பொழுதோட சாப்பிட்டு முடிக்கிற ஆள் நீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஒருவர் கேட்டே விட்டார். நியாயமான கேள்விதான்.

எங்கள் அருங்கலச்செப்பு இல்லறத்தாருக்குச் சொல்லும் விரதங்களில், பயனில்லாமல் செய்யும் தீங்கை விலக்கச் சொல்கிறது. பிறருக்குக் கொலைக்கருவி கொடுப்பதும் அதில் அடங்கும், மனத்தால் தீயதை நினைத்துக்கொண்டிருப்பதும் அடங்கும். ஆகவே ஆயுத வியாபாரம் எங்களுக்கு ஆகாது. ஆனால் ஒரு பொருளைப் பற்றி உள்ளதை உள்ளபடி அறிந்துகொள்வது ஆகாது என்று எந்த நூலும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மேலும் இது துப்பாக்கியைப் பற்றிய கட்டுரை என்பதைவிட, விலைபோகாத சரக்கைப் பற்றிய கட்டுரை. அது ஒரு பாத்திரக் கடைக்காரனுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம்.

வித்துரா ஜங்ஷனில் என் கடை வாசலில் மாலை நேரத்தில் போன்முடி, போணக்காடு பஸ்ஸுக்காகப் பையன்கள் நிற்பார்கள். எஸ்டேட் லயங்களில் இருந்து படிக்க வரும் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு, மலையாளப் பிள்ளைகளும் உண்டு. கையில் போன், வாயில் ஓயாமல் துப்பாக்கிப் பெயர். "எக்ஸ்எம்-8 எடுத்தா போதும்டா", "குரோசா கிடைச்சா ஜெயிச்சாச்சு" என்று பேச்சு போகும். பெயர்களைக் குறித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று வியப்பாக இருந்தது. இவர்கள் தலைசிறந்தது என்று சொல்லும் துப்பாக்கிகளில் பல, தம்மை உருவாக்கச் சொன்ன ராணுவத்தாலேயே வேண்டாமென்று தள்ளப்பட்டவை. சில, மொத்தமே விரல்விட்டு எண்ணும் அளவில் செய்யப்பட்டவை. சண்டைக்கே போகாத துப்பாக்கி சண்டை விளையாட்டில் ராஜாவாக இருக்கிறது. இது எப்படி என்பதே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

துப்பாக்கி என்பது தமிழ்ச் சொல் அன்று. துருக்கி மொழியின் 'துஃபெக்' என்ற சொல் பாரசீகம், உருது வழியாக வந்து நம் நாவில் இவ்வாறு ஆயிற்று என்பர். இங்கே கேரளத்தில் தோக்கு என்கிறார்கள். ஒரு புதிய கருவியை மொத்தமாகச் செய்வதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பதற்காக ஒன்றோ பத்தோ செய்வதை 'முன்மாதிரி' என்று எழுதுகிறோம். கடைத்தெரு மொழியில் சாம்பிள்.

சாம்பிளுக்கு ஒரு குணம் உண்டு. கம்பெனிப் பிரதிநிதி பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கும்போது அதைப்போல் அழகான பொருள் உலகத்தில் இருக்காது. அதையே நூறு உருப்படி வாங்கி, நூறு வீட்டு அடுப்பில் ஏற்றிய பிறகுதான் பிடி இளகுவதும் அடி கருகுவதும் தெரியவரும். துப்பாக்கிக்கு அடுப்பு என்பது சேறு, மணல், பனி, மழை, பயந்துபோன இருபது வயதுப் பையனின் கை. அந்த அடுப்பில் ஏறாமலே நின்றுபோன சாம்பிள்களைத்தான் விளையாட்டும் சினிமாவும் எடுத்துக்கொண்டன.

இதில் மூத்தது 300 ஆண்டுப் பழையது. லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பக்கிள் என்ற வழக்கறிஞர் 1718இல் ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். முக்காலிமேல் நிற்கும். பின்புறத்தில் சுழலும் அறைகள் உண்டு. கிறிஸ்தவர்களைச் சுட உருண்டைக் குண்டு, துருக்கியரைச் சுடச் சதுரக் குண்டு என்று அந்தக் காப்புரிமையிலேயே எழுதி வைத்தார். சதுரக் குண்டு அதிகமாக வலிக்குமாம்! தீங்கு நினைப்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார் பாருங்கள். 1722இல் நடந்த ஒரு சோதனையில் மழைக்கு நடுவே 7 நிமிடத்தில் 63 முறை சுட்டுக் காட்டினார்கள். அந்தக் காலத்துச் சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே கெட்டிக்காரன். ஆனாலும் பிரிட்டிஷ் அரசு வாங்கவில்லை. பங்குப் பணம் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இந்தத் துப்பாக்கியால் காயம்பட்டவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே என்று ஒரு பத்திரிகை கேலி செய்தது. அப்படிப் போன சரக்கு 2014இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் ரோக்' என்ற விளையாட்டில் கப்பல் கப்பலாக ஏறி உட்கார்ந்துகொண்டது. பக்கிள் உயிரோடு இருந்தால் அந்த விளையாட்டைக் காட்டியே பங்கு விற்றிருப்பார்.

பித்தளை இல்லாத தோட்டா

ஜி-11 என்ற ஜெர்மன் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாம்பிள்களில் இதைப்போல் துணிச்சலானது வேறில்லை.

சாதாரணத் தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு. அதற்குள் மருந்து, வாயில் குண்டு, அடியில் பொறி தட்டும் மூடி. சுட்டதும் குண்டு முன்னே போகும், வெற்றுக் கூடு பக்கவாட்டில் தெறித்து விழும். இந்தக் கூடு வெறும் எடைதானே, எதற்கு என்று 1960களின் பிற்பகுதியில் மேற்கு ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் கம்பெனி கேட்டது. டைனமிட் நோபல் என்ற வெடிமருந்துக் கம்பெனியும் சேர்ந்துகொண்டது. மருந்தையே சதுரக் கட்டியாக அழுத்தி, குண்டை அதற்குள் புதைத்தார்கள். சுட்டால் கட்டி முழுதும் எரிந்துபோகும், தெறித்து விழ ஒன்றும் மிஞ்சாது. குண்டின் விட்டம் 4.73 மி.மீ., தோட்டாவின் நீளம் 33 மி.மீ. தோட்டா சிறுத்ததால் எடை குறைந்தது. துப்பாக்கியும் தோட்டாவுமாகச் சேர்த்து 7.35 கிலோ சுமக்கும் சிப்பாய், பழைய ஜி-3 ஆனால் 100 தோட்டா, இதுவானால் 510 தோட்டா கொண்டுபோகலாம் என்று கணக்குக் காட்டினார்கள்.

இங்கேதான் பித்தளையின் அருமை தெரிந்தது. பித்தளைப் பாத்திரம் எப்படிச் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டாக் கூடும் அப்படித்தான். வெடித்த சூட்டின் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொண்டு வெளியே விழுகிறது. கூடு இல்லையென்றால் சூடு முழுதும் துப்பாக்கிக்கு உள்ளேயே தங்கும். அறை காய்ந்துபோய், விசையைத் தொடாமலே அடுத்த தோட்டா தானாக வெடித்தது. எவ்வளவு ஆபத்து! வேறொரு மருந்தைக் கண்டுபிடித்து இந்தக் குறையை அடக்க ஆண்டுகள் பல பிடித்தன.

உள்ளிருக்கும் இயந்திரமோ கடிகாரக்காரன் கடையைத் திறந்தது போல இருக்கும். தோட்டாக்கள் குழலுக்கு மேலே படுக்கை வசமாக நீண்ட பெட்டியில் இருக்கும். அறை சுழன்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். மூன்று குண்டு தொடராகச் சுட்டால், நிமிடத்துக்கு 2000க்கு மேற்பட்ட வேகத்தில் அந்த மூன்றும் குழலை விட்டுப் போன பிறகுதான் தோளில் உதை விழும். குறி தவறாமல் இருக்க இந்த ஏற்பாடு.

எல்லாம் கூடிவந்தபோது காலம் மாறிவிட்டது. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தது. 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. எதிரி யார் என்றே தெரியாதபோது விலைகூடிய புதுத் துப்பாக்கி எதற்கு? நேட்டோ நாடுகளின் பொதுத் தோட்டாவும் இதற்குப் பொருந்தாது. அமெரிக்காவும் அதே காலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. செய்தது சுமார் 1000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1991இல் கம்பெனியே பிரிட்டிஷ்காரர் கைக்குப் போயிற்று.

இதற்குப் பிறகுதான் அதன் பெரிய வாழ்வு. 1993இல் வந்த 'டெமாலிஷன் மேன்' என்ற ஹாலிவுட் படத்தில் வருங்காலத்து அருங்காட்சியகத்தில் ஒரு காந்தத் துப்பாக்கி இருக்கும். வில்லன் அதைத் திருடுவான். அது ஜி-11இன் மேல் கொஞ்சம் அலங்காரம் செய்ததுதான். வருங்காலம் என்று காட்ட, நின்றுபோன பழைய சாம்பிள்! 1998இல் 'ஃபால்அவுட் 2', 2010இல் 'கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ்' என்ற விளையாட்டுகளிலும் வந்தது. உண்மையில் அதைத் தொட்டவர்கள் சில ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். திரையில் தொட்டவர்கள் பல லட்சம்.

எக்ஸ்எம்-8

நம் பையன்கள் வாயில் அதிகம் புழங்குவது இந்தப் பெயர். 'ஃப்ரீ ஃபயர்' என்ற விளையாட்டு விலை குறைந்த போனிலும் ஓடும் என்பதால் மலைமேல் லயம் வரைக்கும் போய்விட்டது. அந்த விளையாட்டை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்தது. ஆனால் அதன் மறுவடிவமான 'மேக்ஸ்' தடைப் பட்டியலில் இல்லாததால் பையன்கள் அதற்குத் தாவிவிட்டார்கள். எக்ஸ்எம்-8 அதில் உண்டு.

எக்ஸ் என்ற எழுத்தே அதன் ஜாதகம். அமெரிக்க ராணுவத்தில் சோதனை நிலையில் உள்ள பொருளின் பெயருக்கு முன்னால் எக்ஸ் போடுவார்கள். ஏற்றுக்கொண்டால் எக்ஸை எடுத்துவிடுவார்கள். கடைசிவரை எக்ஸ் போகாத துப்பாக்கி இது.

முதலில் அமெரிக்கா ஆசைப்பட்டது எக்ஸ்எம்-29 என்ற இரட்டைக் கருவிக்கு. துப்பாக்கியும் அதுவே, வானில் வெடிக்கும் 20 மி.மீ. குண்டை வீசும் குழலும் அதுவே. எடை 8 கிலோவைத் தாண்டியது. யார் தூக்குவது? பிரித்துவிட்டார்கள். பிரிந்த துப்பாக்கிப் பகுதி, ஜெர்மனியின் ஜி-36ஐ அடிப்படையாகக் கொண்டு எக்ஸ்எம்-8 ஆனது. 2002இல் வேலை தொடங்கியது. உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக், மீன் போன்ற வளைவு. பார்த்தால் வருங்காலம் போலவே இருக்கும். தொடர்ந்து சுட்டால் குழலைச் சுற்றிய பிளாஸ்டிக் பிடி சூட்டில் இளகியது. கூடவே வந்த குறிநோக்கிக்கு பாட்டரி தீர்ந்துகொண்டே இருந்தது. டெண்டர் முறையாகப் போடவில்லை என்ற தகராறும் சேர்ந்துகொண்டது. 2005 அக்டோபரில் ரத்து.

வேடிக்கை இதற்குப் பிறகு. 2007இல் தூசிப் புயல் போன்ற அறைக்குள் நான்கு வகைத் துப்பாக்கிகளை வைத்து, வகைக்கு 60,000 தோட்டா சுட்டுச் சோதித்தார்கள். சிப்பாய்கள் கையில் அப்போது இருந்த எம்-4 882 முறை தடைப்பட்டது. மற்ற இரண்டும் 233, 226 முறை. ரத்தாகிப்போன எக்ஸ்எம்-8 தான் குறைவு, 127 முறை. அப்படியும் அது திரும்பி வரவில்லை. ஒரு நல்ல குணம் மட்டும் இருந்தால் சரக்கு விலைபோகாது, விலை, உதிரிபாகம், பழக்கம், வாங்குகிற அதிகாரியின் மனம் எல்லாம் சேர வேண்டும் என்பது என் தொழிலில் நான் பார்த்தது. மலேசியக் கடற்படையின் சிறப்புப் படை மட்டும் கொஞ்சம் வாங்கியது.

விளையாட்டில் எக்ஸ்எம்-8இன் பிடி இளகாது, பாட்டரி தீராது. தள்ளுபடிக்குக் காரணமான குறைகள் நீங்கி, அழகு மட்டும் மிஞ்சியது. என் வாதம் மொத்தமும் இதுதான். ராணுவம் தராசில் வைத்துப் பார்க்கும் எடை, சூடு, அழுக்கு, பழுது, தோட்டாச் செலவு ஆகிய எதுவும் திரையில் இல்லை. திரை பார்ப்பது வடிவம், சத்தம், வேகம், அபூர்வம். வாங்குபவர் வேறு, ஆகவே விலைபோகும் சரக்கும் வேறு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜான் ஆண்டர்சன் என்ற அமெரிக்கர் 1980களில் 'பேன்கோர் ஜாக்ஹாமர்' என்ற சுழல் அறைத் துப்பாக்கியைத் தனி ஆளாக உருவாக்கினார். பத்துத் தோட்டா கொண்ட உருளையை அப்படியே கழற்றி மாட்டலாம். ஓடக்கூடியதாகச் செய்தது இரண்டோ மூன்றோதான். வாங்க ஆளில்லை. 2001இல் வந்த 'மேக்ஸ் பெய்ன்' விளையாட்டு ஆடியவர்களுக்கு அது பழைய சினேகிதன். பப்ஜியில் வானத்திலிருந்து விழும் பெட்டியில் மட்டும் கிடைக்கும் குரோசா, ரஷ்யாவின் தூலா நகரத்தில் 1990களில் சிறப்புப் படைகளுக்காகச் சிறு அளவில் செய்தது. அசல் பெரும்பாலும் 9 மி.மீ. தோட்டா சுடும், விளையாட்டில் 7.62 மி.மீ.

ஃப்ரீ ஃபயரில் வரும் ஏஎன்-94 சாம்பிளோடு நிற்கவில்லை, ரஷ்ய ராணுவம் 1990களில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய கலாஷ்னிகோவை அதனால் அசைக்க முடியவில்லை. காரணம் உள்ளே இருக்கிறது. கிணற்றுக் கப்பி போல ஒரு குட்டிக் கப்பியும் அதில் ஓடும் எஃகுக் கம்பிவடமும்! அதைக் கழற்றித் துடைத்து மாட்டச் சிப்பாய்க்குப் பொறுமை வேண்டாமா?

திரைக்கு ஏன் பிடிக்கிறது?

கடைக்காரன் கண்ணுக்கு இன்னொரு காரணமும் படுகிறது. பெயர் உரிமை. நிஜத் துப்பாக்கிக் கம்பெனியின் பெயரையும் உருவத்தையும் விளையாட்டில் வைக்க ஒரு காலத்தில் பணம் கொடுத்து உரிமம் வாங்கினார்கள். 2013இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனி, இனிமேல் உரிமத்துக்குப் பணம் கொடுப்பதில்லை, ஆனால் பெயர்களைப் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. வேறு சிலர் பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். பப்ஜியில் எம்-416 என்று பையன்கள் கொண்டாடுவது ஜெர்மனியின் எச்கே-416 தான். நொடித்துப்போன கம்பெனியின் சாம்பிள் என்றால் வழக்குப் போடக்கூட ஆள் இருக்காது. அசல் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டவரும் குறைவு. ஆகவே இஷ்டப்படி சத்தம் சேர்க்கலாம்.

சினிமா இதில் இன்னும் ஒருபடி மேலே. நம் 'கைதி' (2019) படத்தின் கடைசிக் காட்சியில் பல குழல் சுழன்று சுழன்று சுடும் துப்பாக்கிக்குத் தியேட்டரில் விசில் பறந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்த இனத்துக்கு மினிகன் என்று பெயர். பெயரில்தான் மினி. 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஹெலிகாப்டரில் பொருத்துவதற்காகச் செய்தது. அதைக் கையில் தூக்கிச் சுடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது 1987இல் வந்த 'பிரிடேட்டர்' படம். அப்படி ஒரு கைத்துப்பாக்கி எந்த ராணுவத்திலும் கிடையாது. படத்துக்காக மட்டும் செய்த சாம்பிள் அது. மின்சார மோட்டாருக்கு வேண்டிய ஒயரை நடிகரின் கால்சட்டைக்குள் விட்டு மறைத்தார்கள். குழல் சுழல்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வேகத்தையும் குறைத்தார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துப்பாக்கி மட்டும் சுமார் 39 கிலோ. நிமிடத்துக்கு 3000 தோட்டா. ஒரு தோட்டா ஏறத்தாழ 24 கிராம். ஆக, ஒரு நிமிடம் சுட 72 கிலோ தோட்டா வேண்டும். ஒன்றரை மூட்டை அரிசி! கதாநாயகன் எத்தனை மூட்டை சுமப்பார் என்று வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். படத்தை ரசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் விசில் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவன்தான்.

கணக்குப் போடாதவர்களுக்கு நிஜமாகவே நஷ்டம் உண்டு. விளையாட்டுத் துப்பாக்கிக்கு 'ஸ்கின்' என்று பூ வேலை செய்த மேல்தோல் விற்கிறார்கள். சுடும் இரும்பு அதேதான், சட்டை மட்டும் வேறு. சட்டைக்குக் காசு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகளின் நகைச்சீட்டுக்கு வைத்திருந்த பணம் போன் வழியாக இப்படிக் கரைந்தது. எந்த விளையாட்டு, யார் வீடு என்பது இங்கே வேண்டாம். இல்லாத துப்பாக்கிக்கு இல்லாத சட்டை, போனது மட்டும் நிஜப் பணம்.

இன்னொன்று செய்தி. 'ஆர்மா 3' என்ற போர் விளையாட்டின் காட்சிகளை உக்ரைன் போர்க் காட்சிகள் என்று பரப்புவதால், அதைச் செய்த செக் நாட்டுக் கம்பெனியே 2022இல் எது விளையாட்டு, எது நிஜம் என்று கண்டுபிடிக்கும் வழிகளை வெளியிட்டது. 2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் மோதலின்போதும் விளையாட்டுக் காட்சிகள் போர்க் காட்சியாக உலவின. பட்டாளத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த இரவுகளில் போனைப் பார்த்து எப்படி நடுங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் குறைவில்லை.

நம் நாட்டுச் சாம்பிள்கள்

பட்டாளம் என்றதும் நம் கதைக்கு வருவோம். திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருப்பது தமிழர் பலர் அறிந்ததே. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்தபோது அது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியா என்ற அரசுக் கம்பெனியின் கீழ் வந்தது. கலாஷ்னிகோவ் வகைத் தோட்டா சுடும் 'திருச்சி அசால்ட் ரைபிள்' அங்கே செய்ததுதான். போலீஸ் படைகளுக்குப் போகிறது. 'வித்வன்சக்' என்ற நெடுந்தூரப் பெருந்துப்பாக்கியும் திருச்சிச் சரக்கே.

நம் சிப்பாய்கள் கையில் 1990களின் பிற்பகுதியிலிருந்து இருந்தது இன்சாஸ். புனேயின் ஆயுத ஆராய்ச்சி நிலையம் 1980களில் உருவாக்கியது. 1999 கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டி விரிசல் விட்டது என்ற புகார் அப்போதே பத்திரிகைகளில் வந்தது. பிறகு திருத்தினார்கள் என்றாலும் மாற்று வேண்டும் என்ற பேச்சு நிற்கவில்லை. 2011இல் ராணுவம் ஒரு டெண்டர் போட்டது. ஒரே துப்பாக்கி, குழலை மாற்றினால் இரண்டு வகைத் தோட்டாவும் சுட வேண்டும் என்றது. உலகக் கம்பெனிகள் சாம்பிளோடு வந்தன. நம் புனே நிலையமும் மூன்று அளவுத் தோட்டா சுடும் ஒரு முன்மாதிரியைச் செய்து, 2014இல் டெல்லிப் பாதுகாப்புக் கண்காட்சியில் வைத்தது. எம்.சி.ஐ.டபிள்யூ.எஸ். என்று பெயர். படத்தைப் பார்த்தேன், எந்த வெளிநாட்டுச் சாம்பிளுக்கும் அழகில் குறைந்ததில்லை. 2015இல் டெண்டரே ரத்தாயிற்று. கேட்ட பொருளே வேண்டாமென்றால் சாம்பிள் என்ன செய்யும்? அடுத்து, இன்சாஸைத் திருத்திய 'எக்ஸ்காலிபர்' வந்தது. அதற்குள் ராணுவம் பெரிய 7.62 மி.மீ. தோட்டாதான் வேண்டும் என்று மனம் மாறியிருந்தது. அந்தத் தோட்டாவுக்கு இசாப்பூர் தொழிற்சாலை செய்த சாம்பிளையும் 2017இல் தரம் போதாதென்று திருப்பினார்கள்.

கடைசியில் 2019இல் அமெரிக்காவின் சிக் சாவர் கம்பெனியிடம் 72,400 துப்பாக்கி வாங்க ஒப்பந்தம் ஆனது. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஏகே-203களை உத்தரப் பிரதேசத்துக் கோர்வாவில் ரஷ்யக் கூட்டோடு செய்ய ஒப்பந்தம் ஆனது. 2011 டெண்டருக்கும் இதற்கும் பத்து ஆண்டு. ஜி-11 தோற்றபோது ஜெர்மன் சிப்பாய்க்குப் பழைய துப்பாக்கியோடு அமைதியான எல்லை இருந்தது. நம் சிப்பாய்க்கு அந்த அமைதி இல்லை. சாம்பிள் மேல் சாம்பிளாகத் தள்ளிப்போன ஆண்டுகளில் காஷ்மீரிலும் சத்தீஸ்கர் காட்டிலும் அவன் பழையதை வைத்துக்கொண்டே நின்றான். வெளிநாட்டுத் தோல்விச் சாம்பிளின் எடை, நீளம், வேகம் எல்லாம் நம் பையன்களுக்கு மனப்பாடம். எம்.சி.ஐ.டபிள்யூ.எஸ். என்றால் முழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சொல்லித் தரவேண்டிய பெரியவர்களுக்கே தெரியாது.

போன்முடி எஸ்டேட் லயத்தில் பிறந்து, பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவர் எனக்குப் பழக்கம். நல்ல துப்பாக்கி எது என்று அவரிடம் கேட்டேன். தூரம், வேகம் எதையும் அவர் சொல்லவில்லை. "அண்ணாச்சி, ராத்திரி மழையில தடவித் தடவிக் கழட்டி மாட்ட முடியணும். மலையேறும்போது தோளை அறுக்கக் கூடாது. நான் அழுத்தும்போது சுடணும், அழுத்தாதபோது சும்மா இருக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

இந்த அளவுகோலுக்குத் தப்பிய சாம்பிளும் அண்மையில் உண்டு. 'அஸ்மி' என்ற 9 மி.மீ. கைத்துப்பாக்கி வகை 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. லெப்டினன்ட் கர்னல் பிரசாத் பன்சோட் என்ற காலாட்படை அதிகாரியும் புனே நிலையமும் சேர்ந்து நான்கே மாதத்தில் உருவாக்கினார்கள். விசைப் பகுதியின் உறுப்புகளை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்தார்கள். 2024இல் ராணுவத்தின் வடக்குப் பிரிவு 550 வாங்கியது. செய்தது ஹைதராபாத்தின் லோகேஷ் மெஷின்ஸ். அதே 2024 ஜனவரியில் 'உக்ரம்' என்ற 7.62 மி.மீ. துப்பாக்கியை, நூறு நாளுக்குள் ஒரு தனியார் கம்பெனியோடு சேர்ந்து செய்ததாக அதே புனே நிலையம் வெளியிட்டது. எடை நான்கு கிலோவுக்குள், பெட்டியில் இருபது தோட்டா. உக்ரம் வெளிவந்தபோது அதற்கு முன்னால் இருந்தவை தண்ணீர், மணல், சூடு, குளிர் என்ற சோதனைகள்தான்.